பேக்கேஜ் மாறிவிட்டது, ப்ராசஸ் மாறியதா? வெப் சர்வருக்குப் பாதுகாப்பு அப்டேட் போட்ட அனுபவம்

நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்கள் எல்லாம் சிறியவை. சில நிறுவனங்களின் வெப்சைட்டுகள், ஒரு பில்லிங் அப்ளிகேஷன், ஒரு சாட் சேவை. பெரும்பாலும் உபுண்டு லினக்ஸ் 22.04, 24.04. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், பின்னால் அப்ளிகேஷனை ஓட்டும் பிஎச்பி அல்லது நோட். ஒன்றில் மட்டும் அப்பாச்சி வெப் சர்வர். இவற்றுக்குப் பாதுகாப்பு அப்டேட் போடுவதை, நேரம் கிடைக்கும்போது உள்ளே நுழைந்து கையால் செய்யும் வேலையாக வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நேரம் கிடைக்காத வாரத்தில்தான் முக்கியமான ஓட்டை வெளியே வரும். அதனால் முடிந்ததை எல்லாம் தானாக நடக்கவைத்து, கை வைக்க வேண்டியதை மட்டும் தனியாகப் பிரித்தேன். அந்த வேலையின் பதிவு இது.

முதலில் செய்தது, எந்த பேக்கேஜ் (நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்பு) எந்த ரெப்போவிலிருந்து (பேக்கேஜ்கள் இறங்கும் கிடங்கு) வந்திருக்கிறது என்று பார்த்தது. 'ஆப்ட் பாலிசி' கட்டளைக்குப் பின்னால் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் இப்போதுள்ள வெர்ஷன், கிடைக்கும் வெர்ஷன், அதன் ஊற்று எல்லாம் வந்துவிடும். இதைப் பார்க்காமல் ஆட்டோமேட்டிக் அப்டேட்டை நம்பவே கூடாது என்பேன். உபுண்டு சர்வரில் தானாக அப்டேட் போடும் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' கருவி பொதுவாக ஏற்கெனவே ஆன் ஆகித்தான் இருக்கும். ஆனால் அது எல்லா ரெப்போவையும் தொடாது. உபுண்டுவின் சொந்தப் பாதுகாப்புப் பிரிவில் வருவதை மட்டுமே தானாகப் போடும். வெளி ரெப்போ, பிபிஏ (தனிநபரோ குழுவோ நடத்தும் ரெப்போ) எதுவாக இருந்தாலும் இயல்பான அமைப்பில் ஒதுக்கிவிடும்.

என்னிடம் இருந்த சில சர்வர்களில் என்ஜின்எக்ஸ் அந்தத் திட்டத்தின் சொந்த ரெப்போவிலிருந்து நிறுவப்பட்டிருந்தது. கெர்னல், ஓப்பன்எஸ்எஸ்எல் (இணைப்புகளை மறையாக்கம் செய்யும் லைப்ரரி) எல்லாம் தானாக அப்டேட் ஆகிக்கொண்டிருக்க, வெளியுலகத்தைப் பார்த்து நிற்கும் என்ஜின்எக்ஸ் மட்டும் நிறுவிய நாளில் இருந்த அதே நிலையில் இருந்தது. லாக்கில் எந்த எரரும் இருக்காது, ஏனென்றால் அந்தக் கருவியின் பார்வையில் செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை.

இதற்கு இரண்டு வழி உண்டு. உபுண்டுவின் பேக்கேஜுக்கே திரும்பிப் போகலாம், அல்லது அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் ஃபைலில் அனுமதிக்கப்பட்ட ஊற்றுகளின் பட்டியலில் வெளி ரெப்போவின் பெயரையும் சேர்க்கலாம். பெரும்பாலான சர்வர்களில் நான் முதல் வழியை எடுத்தேன். எச்டிடிபி/3 (வெப் நெறிமுறையின் புதிய பதிப்பு) தேவைப்பட்ட ஒன்றில் மட்டும் அது முடியவில்லை. என்ஜின்எக்ஸில் அந்த வசதி 1.25.0-இல்தான் வந்தது, உபுண்டு 24.04 கொடுப்பதோ 1.24.0. அதனால் அங்கே வெளி ரெப்போவின் ஸ்டேபிள் கிளையை வைத்துக்கொண்டு பட்டியலில் சேர்த்தேன். சேர்த்த பிறகு அன்அட்டெண்டட்-அப்கிரேட் கட்டளையை 'ட்ரை-ரன்' (நிறுவாமல் ஒத்திகை), 'டீபக்' (விவரமான வெளியீடு) ஆப்ஷன்களோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்த பேக்கேஜை எடுத்துக்கொள்கிறது, எதை ஏன் ஒதுக்குகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். வெளியீடு நீளம்தான், ஆனால் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

அப்படிப் படித்தபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஒரு பேக்கேஜோடு வந்த கான்ஃபிக் ஃபைலை நாம் திருத்தியிருந்து, புது வெர்ஷனும் அதே ஃபைலை மாற்றியிருந்தால், எதை வைத்துக்கொள்வது என்று, பேக்கேஜை நிறுவும் டிபிகேஜி கருவி கேள்வி கேட்கும். பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் அந்த பேக்கேஜையே தள்ளிவைத்துவிடும். அதனால் என்ஜின்எக்ஸின் முதன்மை கான்ஃபிக்கில் யாரோ எப்போதோ செய்த மாற்றங்களை எல்லாம் 'கான்ஃப்.டி' அடைவில் தனி ஃபைலாக எடுத்து வைத்தேன். முதன்மை ஃபைலைப் பேக்கேஜ் கொடுத்தபடியே விட்டேன். அரை நாள் பிடித்த சலிப்பான வேலைதான், ஆனாலும் இதைச் செய்யாமல் மேலே போவதில் பயனில்லை.

வெர்ஷன் எண் விஷயத்தில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போகலாம். ஏதோ ஒரு ஸ்கேனரை ஓட்டிவிட்டு, "உங்கள் என்ஜின்எக்ஸ் 1.18.0, இதில் இத்தனை ஓட்டை இருக்கிறது" என்று ரிப்போர்ட் அனுப்புவார்கள். உபுண்டுவும் அதன் அடிப்படையான டெபியனும் பெரும்பாலும் புது வெர்ஷனைக் கொண்டுவருவதில்லை. திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வெர்ஷனில் தைத்துக் கொடுக்கும். 2021 மே மாதம் என்ஜின்எக்ஸின் ரிசால்வர் (டொமைன் பெயர்களைத் தேடும்) பகுதியில் ஓர் ஓட்டை வெளியானது, சிவிஇ-2021-23017 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்). மூலத் திட்டத்தில் அது 1.20.1, 1.21.0 இரண்டிலும் சரிசெய்யப்பட்டது. உபுண்டு 20.04-இல் அதே 1.18.0-தான், பேக்கேஜ் எண்ணின் பின்னொட்டு மட்டும் ஏறியது. சர்வர் வெளியே காட்டும் பேனரில் தெரிவது 1.18.0 என்பதால் ஸ்கேனர் கத்தும். 'ஆப்ட் சேஞ்ச்லாக்' எடுத்து, அந்த சிவிஇ எண் அதில் இருக்கிறதா என்று தேடி, அந்த வரியை அப்படியே பதிலாக அனுப்பிவிடுகிறேன். ஸ்கேனரைத் திருப்திப்படுத்துவதற்காக என்ஜின்எக்ஸை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து போடுவது மிகத் தவறான முடிவு. அன்றிலிருந்து அந்த பேக்கேஜின் ஒவ்வொரு திருத்தமும் உங்கள் தலையில்தான்.

அடுத்தது நேரம். சர்வர்கள் எல்லாம் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடுகின்றன. உபுண்டுவில் அப்டேட்டை நிறுவும் சிஸ்டம்டி (சர்வீஸ்களை நிர்வகிக்கும் மென்பொருள்) டைமர் இயல்பாகக் காலை 6 மணிக்குத் தொடங்கி, அதோடு ஒரு மணி நேரம் வரை ஏதோ ஒரு தாமதத்தைச் சேர்த்துக்கொள்ளும். உலகத்தில் உள்ள எல்லா சர்வரும் ஒரே நொடியில் ரெப்போவின் கதவைத் தட்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. யூடிசி காலை 6 மணி என்றால் நமக்குப் பகல் 11:30. பில்லிங் அப்ளிகேஷனில் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. அந்த டைமருக்கு ஒரு ஓவர்ரைடு எழுதி, பழைய நேரத்தை வெற்று வரியால் அழித்துவிட்டு, அதிகாலை 2:30 என்று ஆசியா/கொல்கத்தா மண்டலத்தைக் குறிப்பிட்டே கொடுத்தேன். டைமர் வரியில் நேர மண்டலத்தைச் சேர்த்து எழுத சிஸ்டம்டி அனுமதிக்கிறது. சர்வரின் நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. வெற்று வரியை மறந்தால் பழைய நேரம், புது நேரம் இரண்டிலும் ஓடும். டவுன்லோட் செய்யும் டைமர் வேறு, நிறுவும் டைமர் வேறு. டவுன்லோட் டைமரை அப்படியே விட்டுவிட்டேன். பேக்கேஜ்கள் முன்கூட்டியே இறங்கி இருப்பதால் நிறுவும் நேரம் குறைகிறது.

மாற்றம் நடந்தால் மட்டும் மெயில் அனுப்பு என்ற ஆப்ஷனையும் போட்டேன். தினமும் "எதுவும் இல்லை" என்று வரும் மெயிலை யாரும் இரண்டாம் வாரத்துக்கு மேல் படிக்க மாட்டார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் டிஸ்க்கில் நடப்பது. நான் அதிக நேரம் செலவழித்தது இதற்குப் பிறகுதான்.

லினக்ஸில் ஒரு லைப்ரரி ஃபைல் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்வது) மாற்றப்பட்டால், ஏற்கெனவே அதைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) பழையதையேதான் பிடித்துக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் அதன் பெயர் போயிருக்கும், மெமரியில் அது உயிரோடு இருக்கும். 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோது இதுதான் பலருக்குப் பெரிய பொறியாக அமைந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை இருந்த அந்த ஓட்டை வழியாக, ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் மெமரியை வெளியில் இருப்பவர் படிக்க முடிந்தது. திருத்திய பேக்கேஜ் வேகமாக வந்தது. ஆனால் பேக்கேஜைப் போட்டுவிட்டு வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டால், ஓட்டை திறந்தபடியேதான் இருக்கும். வெர்ஷன் கேட்டால் புதியதைக் காட்டும், கசிவதோ பழைய ப்ராசஸ்.

எந்த ப்ராசஸ் பழையதைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. 'ப்ராக்' அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே 'மேப்ஸ்' என்ற ஃபைல் இருக்கும். அதில் லிப்எஸ்எஸ்எல் (ஓப்பன்எஸ்எஸ்எல்லின் லைப்ரரி ஃபைல்) வரியின் கடைசியில் 'டெலீட்டட்' என்று இருந்தால் அது பழையது. எல்லா ப்ராசஸையும் சேர்த்துப் பார்க்க 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி இருக்கிறது. உபுண்டு 22.04-இல் ஏதாவது அப்டேட் போட்டதும் ஊதா நிறத்தில் ஒரு திரை வந்து எந்த சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்யட்டும் என்று கேட்கிறதே, அதேதான். பலர் எரிச்சலில் அதை நீக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நீக்க வேண்டாம், அமைப்பை மாற்றினால் போதும். நான் அதைத் தானாக ரீஸ்டார்ட் செய்யும் நிலையில் வைத்தேன். இந்தக் கருவியிலேயே 2024 நவம்பரில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தினர் ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். சர்வருக்குள் சாதாரண யூசராக இருப்பவர் ரூட் (முழு அதிகாரமுள்ள யூசர்) ஆகிவிட முடியும். 2014 முதல் அதில் இருந்துவந்தவை. 3.8 வெர்ஷனில் சரியானது, உபுண்டுவும் தன் பழைய வெர்ஷன்களுக்குத் திருத்தம் கொடுத்துவிட்டது. காவல்காரனையும் அப்டேட் பட்டியலில் வைத்திருக்க வேண்டும்.

என்ஜின்எக்ஸுக்கு வருவோம். அதில் ரீலோட் செய்வது எல்லோருக்கும் பழக்கம், ஒரு கனெக்‌ஷன்கூட அறுந்துபோகாது. ஆனால் ரீலோட் பாதுகாப்பு அப்டேட்டுக்கு உதவாது. ரீலோடில், மற்றவற்றை நிர்வகிக்கும் மாஸ்டர் ப்ராசஸ் அப்படியே நிற்கிறது, கான்ஃபிக்கை மறுபடி படிக்கிறது, கோரிக்கைகளைக் கவனிக்கும் புது வொர்க்கர் ப்ராசஸ்களைத் தன்னிலிருந்தே பிரித்துவிடுகிறது. மாஸ்டரின் மெமரியில் பழைய பைனரியும் (கம்பைல் ஆன புரோகிராம் ஃபைல்) பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லும் இருந்தால், புது வொர்க்கரிலும் அவைதான் இருக்கும். வொர்க்கர் தொடங்கிய நேரத்தைப் பார்த்து "இப்போதுதானே புதிதாகத் தொடங்கியது" என்று ஏமாறக் கூடாது.

முழு ரீஸ்டார்ட் செய்யலாம். ஆனால் அதில் பழையது முதலில் நிற்கும், பிறகுதான் புதியது எழும். எழாமல் போனால் சைட் டவுன். எழாமல் போக முக்கியக் காரணம் டைனமிக் மாட்யூல்கள், அதாவது என்ஜின்எக்ஸுக்குக் கூடுதல் வசதி தரும் தனி ஃபைல்கள். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட மாட்யூல் எந்த என்ஜின்எக்ஸ் வெர்ஷனுக்காகக் கம்பைல் ஆனதோ, அதே வெர்ஷனோடுதான் ஓடும். என்ஜின்எக்ஸ் மட்டும் ஏறி மாட்யூல் ஏறாவிட்டால் தொடங்கவே மறுத்துவிடும். அதனால் ரீஸ்டார்ட்டுக்கு முன் என்ஜின்எக்ஸை 'டி' ஆப்ஷனோடு ஓட்டிச் சோதிப்பது கட்டாயம். அது டிஸ்க்கில் உள்ள புது பைனரியைக் கொண்டு சோதிப்பதால் இந்தப் பொருத்தமின்மையையும் பிடித்துக்கொடுக்கும்.

இதைவிட நல்ல வழி என்ஜின்எக்ஸிலேயே இருக்கிறது. மாஸ்டருக்கு யூஎஸ்ஆர்2 சிக்னல் (ப்ராசஸுக்கு அனுப்பும் சிறு கட்டளை) அனுப்பினால், அது தன் பிஐடி ஃபைலின் (ப்ராசஸ் எண் உள்ள ஃபைல்) பெயரை 'ஓல்ட்பின்' என்று முடியும்படி மாற்றி வைத்துவிட்டு, டிஸ்க்கில் உள்ள புது பைனரியை ஓட்டும். போர்ட்டுகளைப் புது மாஸ்டரிடம் ஒப்படைத்துவிடும். இப்போது பழையதும் புதியதும் சேர்ந்தே கோரிக்கைகளை வாங்கும். பழைய மாஸ்டருக்கு விஞ்ச் சிக்னல் அனுப்பினால், அதன் வொர்க்கர்கள் கையில் உள்ள கோரிக்கைகளை முடித்துவிட்டு விலகும், மாஸ்டர் மட்டும் காத்திருக்கும். எல்லாம் சரியாக ஓடினால் பழைய மாஸ்டருக்கு க்விட், அது விலகிவிடும். சரியில்லை என்றால் பழைய மாஸ்டருக்கு ஹப், அது மறுபடி வொர்க்கர்களை எழுப்பிக்கொள்ளும், புதியதற்கு க்விட். புது பைனரி தொடங்கவே முடியாமல் போனாலும் பழையது நிற்காமல் சேவையைத் தொடரும். ஒரு வெப் சர்வரில் இவ்வளவு பொறுப்பாக யோசித்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது அதை எழுதியவர்கள் மீது மரியாதை வருகிறது.

உபுண்டு, டெபியன் பேக்கேஜில் என்ஜின்எக்ஸே அப்டேட் ஆகும்போது, நிறுவல் ஸ்கிரிப்ட் இந்த சிக்னல் முறையைத்தான் பயன்படுத்துகிறது. லிப்எஸ்எஸ்எல் போன்ற லைப்ரரி மட்டும் மாறும்போதுதான் என்ஜின்எக்ஸைக் கவனிக்க ஆள் இல்லை. அந்த இடைவெளியை நீட்ரீஸ்டார்ட் வழியாக அடைத்தேன். அதன் 'ரீஸ்டார்ட்.டி' அடைவில் ஒரு சர்வீஸின் பெயரிலேயே ஸ்கிரிப்ட் இருந்தால், வழக்கமான ரீஸ்டார்ட்டுக்குப் பதில் அதை ஓட்டும். என்ஜின்எக்ஸ் பெயரில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். முதலில் கான்ஃபிக் சோதனை. பிறகு யூஎஸ்ஆர்2, ஓல்ட்பின் ஃபைலும் புது பிஐடி ஃபைலும் வரும்வரை காத்திருப்பு. பிறகு விஞ்ச். அப்புறம் கர்ல் என்ற கட்டளையைக் கொண்டு உள்ளிருந்தே சைட்டைத் திறந்து பார்த்தல். 200 (சரி என்ற பதில் எண்) வந்தால் பழையதற்கு க்விட், வராவிட்டால் ஹப் அனுப்பிப் பின்வாங்கி எனக்கு மெயில்.

இதில் சாட் சேவைக்காக மட்டும் இன்னொன்று சேர்க்க வேண்டி வந்தது. வெப்சாக்கெட் கனெக்‌ஷன்கள் மணிக்கணக்கில் திறந்தே இருக்கும். பழைய வொர்க்கர் "கையில் உள்ளதை முடித்துவிட்டுப் போகிறேன்" என்று நின்றால், யாராவது ப்ரௌசரை மூடாமல் தூங்கிவிட்டால், மறுநாள் வரை நிற்கும். ப்ராசஸ் பட்டியலில் 'ஷட்டிங் டவுன்' என்ற குறிப்போடு வரிசையாகத் தெரிபவை இவைதான். பழைய புரோகிராம் அதுவரை வெளியுலகத்தோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. 'வொர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட்' என்று என்ஜின்எக்ஸ் 1.11.11 முதல் இருக்கிறது. அதைச் சில நிமிடங்களுக்கு வைத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் கான்ஃபிக்கில் அது முன்பே இருந்தால்தான் வேலை செய்யும், எனவே அப்டேட்டுக்கு முன்னதாகவே ரீலோட் செய்து வைத்துவிட வேண்டும்.

அப்பாச்சியில் இப்படிப் பைனரி மாற்றும் வழி கிடையாது. 'கிரேஸ்ஃபுல்' ரீஸ்டார்ட் செய்தாலும் தாய் ப்ராசஸ் அதேதான். கான்ஃபிக் டெஸ்ட் செய்துவிட்டு முழு ரீஸ்டார்ட், அதிகாலையில் ஓரிரு நொடிகள், அவ்வளவுதான். பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பியை ஓட்டும் சர்வீஸ்) பற்றிப் பலர் யோசிப்பதில்லை. பிஎச்பியின் கர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல் நீட்டிப்புகளும் அதே லைப்ரரியைத்தான் பிடித்திருக்கும், அதையும் ரீஸ்டார்ட் பட்டியலில் விடக் கூடாது.

நோட் அப்ளிகேஷன்கள் கன்டெய்னரில் (அப்ளிகேஷனைத் தன் லைப்ரரிகளோடு தனியாக அடைத்த சூழல்) ஓடுகின்றன. வெளியே ஆப்ட் என்ன செய்தாலும் கன்டெய்னருக்குள் எதுவும் மாறாது. புது இமேஜை (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) இழுப்பதோடு நிறுத்தினாலும் மாறாது, ஓடும் கன்டெய்னர் பழைய இமேஜில்தான் இருக்கும். இழுத்த பிறகு கன்டெய்னரை மறுபடி உருவாக்க வேண்டும். நாமே பில்ட் செய்யும் இமேஜ் என்றால், அடிப்படை இமேஜை மறுபடி இழுக்கச் சொல்லும் ஆப்ஷனோடு, கேஷ் இல்லாமல் பில்ட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பல மாதம் முந்தைய லேயரின் மேல் இன்றைய தேதி போட்ட இமேஜ் கிடைக்கும்.

எல்லா சர்வரும் ஒரே இரவில் மாறினால் ஒரு கெட்ட பேக்கேஜ் எல்லாவற்றையும் சேர்த்துச் சாய்த்துவிடும். அதனால் முக்கியத்துவம் குறைந்த ஒன்றை மட்டும் மற்றவற்றுக்கு ஒரு நாள் முன்னால் ஓடவிட்டேன். பின்வாங்கத் தேவைப்பட்டால் பழைய பேக்கேஜ் ஃபைல் கையில் இருக்க வேண்டும். 'ஆப்ட்' கட்டளை நிறுவி முடித்ததும் டவுன்லோட் செய்ததை அழித்துவிடும், 'ஆப்ட்-கெட்' அழிக்காது. அழிக்காமல் வைத்துக்கொள்ளும் ஆப்ஷனை ஆன் செய்தேன். பாதுகாப்புத் திருத்தத்திலிருந்து பின்வாங்குவது ஓட்டையைத் திரும்பத் திறப்பதுதான், சில மணி நேரத்துக்கு மேல் அப்படி விடக் கூடாது.

ஒரு நாள் காத்திருக்க முடியாத ஓட்டைகளும் வரும். எதற்குப் பதறுவது, எதற்குப் பதறாமல் இருப்பது என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அப்பாச்சி 2.4.49. கோரிக்கையின் பாதையைக் கொஞ்சம் மாற்றி எழுதினால், பாதுகாக்கப்படாத அடைவுகளில் உள்ள ஃபைல்களைப் படிக்க முடிந்தது, சிஜிஐ (சர்வர் வெளிப் புரோகிராம்களை ஓட்டும் வசதி) ஆன் ஆகி இருந்தால் கட்டளையே ஓட்ட முடிந்தது. 2021 அக்டோபர் 4 அன்று 2.4.50 வந்தது. அந்தத் திருத்தம் போதவில்லை. மூன்றே நாளில், அக்டோபர் 7 அன்று, 2.4.51 வந்தது. முதல் திருத்தத்தைப் போட்டுவிட்டு ஆள் நகர்ந்திருந்தால் ஓட்டை அப்படியே இருந்திருக்கும். அதே சமயம் உபுண்டு 20.04-இல் இருந்த 2.4.41 இதனால் பாதிக்கப்படவே இல்லை. முதல் ஓட்டை 2.4.49-இல் மட்டும்தான். அறிவிப்பில் 'பாதிக்கப்படும் வெர்ஷன்கள்' என்ற வரியை முதலில் படித்தவர்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

இப்போது ஓர் அறிவிப்பு வந்தால், நம் வெர்ஷன் அந்தப் பட்டியலில் உண்டா, அந்த வசதியை நாம் ஆன் செய்திருக்கிறோமா, அமெரிக்காவின் சிஸா அமைப்பு நடத்தும் 'ஏற்கெனவே தாக்கப்படும் ஓட்டைகள்' பட்டியலில் ஏறிவிட்டதா என்று பார்க்கிறேன். மூன்றுக்கும் ஆம் என்றால் டைமருக்குக் காத்திருக்காமல் பகலிலேயே ஓட்டிவிடுகிறேன். சிக்னல் முறை இருப்பதால் பகலில் செய்யவும் தயக்கம் இல்லை.

மீதி இருப்பது உபுண்டு 20.04 ஓடும் ஒரு சர்வர். அதன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்போதைக்கு உபுண்டு ப்ரோவில் இணைத்து அதன் நீட்டிப்புத் திருத்தங்களை வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஓடும் பழைய பிஎச்பி புரோகிராம் பிஎச்பி 8-க்கு ஏற்றபடி மாறிக்கொண்டிருக்கிறது. அது முடிந்ததும் 24.04-இல் புதிதாக ஒன்றை எழுப்பி, டிஎன்எஸ்ஸை மாற்றிவிட்டு, பழையதை அணைத்துவிடுவேன்.